பத்தாம் நம்பர் ஸ்பேனர்

ஜூன் 14, சனி

ரஞ்சிதத்தை இன்று வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். அழைத்து வந்தேன் என்பது சும்மா பேச்சுக்கு. ஆம்புலன்சிலிருந்து இரண்டு பேர் அவளைத் தூக்கி வந்தார்கள், நான் பிளாஸ்கைத் தூக்கி வந்தேன்.

காந்தி மார்க்கெட்டில் வெங்காயத் தோலில் வழுக்கி விழுந்ததில் இடுப்பு எலும்பு உடைந்து, உள்ளே கம்பி வைத்திருக்கிறார்கள். எலும்பு கூடிவிடுமாம். இடது பாதம்தான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. விரல்களை மேலே தூக்கச் சொன்னால் தூக்க மாட்டேன் என்று தொங்குகிறது. நரம்பு நசுங்கியிருக்கிறது, பார்க்கலாம் என்றார் டாக்டர். கிளம்பும் நேரத்தில் அவர் அவளிடம் ஏதோ விவரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அப்போது மருந்து வாங்க வரிசையில் நின்றேன். திரும்பி வந்து என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"நல்லா நடக்கலாம்னாரு" என்றாள்.

வாசலில் இறக்கும்போது ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே போர்ட்டிகோ பக்கம் தலையைத் திருப்பினாள். "வெள்ளச்சி மேல எவ்ளோ தூசி பாருங்க, யாராவது தொடைச்சீங்களா?"

வெள்ளச்சி எங்கள் கார். இந்த வீட்டில் அதை ஓட்டத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். எனக்கு சைக்கிள் தெரியும்.

ஜூன் 17, செவ்வாய்

வாக்கரில் ஒரு கால் லொடலொடவென்று ஆடியது. கடைக்காரனைக் கூப்பிட்டுச் சண்டை போடலாம் என்று போனை எடுத்தேன். "அதெல்லாம் வேண்டாம், டிக்கியில டூல்ஸ் பை இருக்கும், எடுத்துட்டு வாங்க" என்றாள். கொண்டுபோய்க் கொடுத்தேன். பைக்குள் கையை விட்டு, பார்க்காமலே விரலால் தடவி ஒரு சின்ன ஸ்பேனரை எடுத்து, படுக்கையில் சாய்ந்தபடி நட்டை முறுக்கிவிட்டாள். ஆட்டம் நின்றுவிட்டது. ஸ்பேனரை வாக்கரில் தொங்கும் துணிப்பையில் மாத்திரைகளோடு போட்டுக்கொண்டாள். மறுபடி லூசானால் வேண்டுமாம்.

நான் ஜில்லா கோர்ட்டில் ஸ்டெனோவாக இருந்து ஓய்வு பெற்றவன். பென்சிலைத் தவிர வேறு ஆயுதம் என் கைக்குப் பழக்கமில்லை.

ஜூன் 22, ஞாயிறு

காலை காபி குடித்து முடிப்பதற்குள் உத்தரவு வந்தது.

"என்னங்க, வண்டிய இப்படியே போட்டு வச்சா பேட்டரி செத்துப்போயிடும். வாரத்துக்கு ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணி விடுங்க."

"நானா?"

"வேற யாரு, பிள்ளையாரா?"

புனேயில் எங்கள் பேத்தி பிறந்தபோது மூன்று மாதம் அங்கேயே இருந்தோம். அப்போதும் வண்டி சும்மாதான் கிடந்தது. கிளம்புகிற அன்று ஆட்டோ வாசலில் வந்து நிற்க, இவள் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு எதையோ நோண்டிக்கொண்டிருந்தாள். ரயிலை விட்டுவிடப் போகிறோம் என்று நான் கத்தினேன். திரும்பி வந்தபோது வண்டி ஒரே திருப்பில் கிளம்பியது. ரேடியோவில் கடிகாரம் மட்டும் தப்பு நேரம் காட்டியது. அவளுக்கு அப்படி ஒரு கைராசி. அவள் கை பட்டால் எதுவும் ஓடும். என் கைக்கு அந்த ராசி கிடையாது என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை.

கியர் நடுவில் இருக்க வேண்டும், இடது காலால் கிளட்ச், பிறகு சாவி. படுக்கையிலிருந்தே ஜன்னல் வழியாகச் சொன்னாள், செய்தேன். வெள்ளச்சி உறுமினாள். உள்ளே ஏசியைப் போட்டுக்கொண்டு ஐந்து நிமிடம் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தேன். பரவாயில்லை, நம்மாலும் ஆகிறது.

டேஷ்போர்டில் ஒட்டியிருக்கும் பிள்ளையாருக்கு முன்னால் ஒரு சிவப்பு பல்பு உண்டு. அது இருண்டு கிடந்தது. இத்தனை நாள் சாமி இருட்டிலா இருந்தார் என்று கஷ்டமாக இருந்தது. பக்கத்திலிருந்த சின்ன சுவிட்சைத் தட்டினேன், எரிந்தது. ரஞ்சிதத்தின் காலை நினைத்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு இறங்கினேன்.

ஜூன் 29, ஞாயிறு

டக் டக் டக். அவ்வளவுதான். வெள்ளச்சி பேச மறுத்துவிட்டாள்.

உள்ளே போய் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் காரிலேயே உட்கார்ந்திருந்தேன். ஜன்னலிலிருந்து குரல் வந்தது. "பேட்டரி இறங்கிடுச்சு. சத்தத்துலயே தெரியுது. மெக்கானிக் அருள்தாசுக்குப் போன் போடுங்க."

அருள்தாஸ் இன்னொரு பேட்டரியும் ஒயர்களுமாக வந்து வண்டியை எழுப்பிவிட்டார். பிறகு உள்ளே எட்டிப் பார்த்து, "சாமி லைட்ட யாரு சார் போட்டு வச்சது? வாரம் பூரா எரிஞ்சிருக்கே" என்றார்.

"சாமிக்குப் போட்ட விளக்கை எப்படிய்யா அணைக்கிறது?" என்றேன். உண்மையிலேயே எனக்குக் கை வரவில்லை.

ரஞ்சிதம் சிரித்தாள். விழுந்த நாளிலிருந்து அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு, வலிக்குது வலிக்குது என்று சொல்லிக்கொண்டே கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். இதற்காகவே இன்னொரு பேட்டரியைக் கொல்லலாம் என்று தோன்றியது.

அருள்தாஸ் அவளைப் பார்க்க உள்ளே போனார். இரண்டு பேரும் என்னவோ மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் காபியோடு போனதும் பேச்சு நின்றது. அவர் என்னைப் பார்த்து, "சார், நின்ன இடத்துல ஓட விட்டா பேட்டரி ஏறாது. வாரத்துக்கு அரை மணி நேரமாவது ரோட்டுல ஓடணும்" என்றார்.

"யார் ஓட்டுறது?"

அவர் காபியைக் குடித்தார். ரஞ்சிதம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூலை 6, ஞாயிறு

டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்துவிட்டேன். இந்த வயதில் எல்.எல்.ஆர். எடுக்கப் போனவனை அந்த ஆபீசில் எல்லாரும் ஒரு மாதிரி பார்த்தார்கள். கண் பார்வைக்கு ஒரு டாக்டர் சர்டிஃபிகேட் வேறு.

இதெல்லாம் பேட்டரிக்காக மட்டும்தான். அவள் கால் சரியாகும்வரை வண்டி உயிரோடு இருக்க வேண்டும். வண்டி செத்துக் கிடப்பதைப் பார்த்தால் அவள் மனசு விட்டுப் போகும், மனசு விட்டால் கால் எங்கிருந்து வரும்? நான் பயந்தாங்கொள்ளி என்பது ஊருக்கே தெரியும். அவள் ஓட்டும்போது என் பக்கம் இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்தே அந்த இடத்து மிதியடி தேய்ந்திருக்கிறது.

முதல் வகுப்பில் மாஸ்டர் சொன்னது: "சார், ஸ்டீரிங்க இவ்ளோ இறுக்கிப் புடிக்காதீங்க, அது எங்கயும் ஓடிப் போயிடாது."

ஜூலை 9, புதன்

தென்னூர் மேம்பாலத்தில் ஏறும்போது வண்டி நின்றுவிட்டது. பின்னால் பஸ். இனி வகுப்புக்குப் போகப் போவதில்லை.

ஜூலை 10, வியாழன்

போனேன்.

ஜூலை 13, ஞாயிறு

புனேயிலிருந்து எழில் பேசினாள். எங்கள் ஒரே மகள். அம்மாவிடம் பத்து வார்த்தை, பிறகு போனை என்னிடம் கொடுக்கச் சொல்லிவிட்டாள்.

"அப்பா, கார வித்துடலாம்ப்பா. இவரோட சிநேகிதர் ஒருத்தர் திருச்சியில கேக்குறாரு. அம்மா இனிமே எங்க ஓட்டப் போறாங்க? சும்மா நின்னு துருப்பிடிக்கிறதுக்கு யாருக்காவது உதவட்டுமே."

நான் கொல்லைப்பக்கம் போய் நின்றுகொண்டு கத்தினேன். உங்கம்மா யார் என்று உனக்குத் தெரியாது என்றேன். அவளுக்குத் தெரியும், கோபத்தில் சொல்லிவிட்டேன்.

ரஞ்சிதம் கிராமச் செவிலியராக இருந்த காலத்தில் ஆபீஸ் ஜீப் டிரைவர் பாதி நாள் வரமாட்டார். தடுப்பு மருந்துப் பெட்டியில் ஐஸ் கரைந்துகொண்டிருக்கும். பொறுத்துப் பார்த்துவிட்டு இவளே ஜீப் ஓட்டப் பழகி, பச்சைமலையில் ஏற ஆரம்பித்துவிட்டாள். அந்தக் காலத்தில் புடவை கட்டிய பெண் ஜீப் ஓட்டி வருவதைப் பார்க்கவே மலைக்கிராமத்துப் பிள்ளைகள் ஓடி வரும், ஓடி வந்த பிள்ளைகளை அப்படியே பிடித்து ஊசி போட்டு அனுப்புவாள். ஒருமுறை மழையில் பாதை அறுத்துக்கொண்டு போய்விட, திருப்ப இடமில்லாமல் மலை இறக்கம் முழுக்க ரிவர்சிலேயே வந்தாளாம். இதை அவள் என்னிடம் சொல்லவில்லை. அவளோடு போன ஆயா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்தப் பெண்ணையா இனி ஓட்டமாட்டாள் என்று சொல்வது?

கடைசியில் எழிலிடம் ஒரு வாக்கு கொடுத்துவிட்டேன். "ஆயுத பூஜைக்கு வண்டி எலுமிச்சம்பழத்து மேல ஏறும். ஏறலைன்னா உன் இஷ்டப்படி வித்துக்கோ." ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் நாலு சக்கரத்துக்கடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து, ரஞ்சிதம்தான் வண்டியை ஏற்றி நசுக்குவாள். இந்த வருஷமும் அவள்தான்.

உள்ளே வந்தபோது வாக்கரைப் பிடித்து எழுந்து நின்றுகொண்டிருந்தாள். "இவ்ளோ சத்தமா யாரோட சண்டை?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

ஜூலை 27, ஞாயிறு

இன்று முதல் தடவையாக வெள்ளச்சியை நான் வெளியே எடுத்தேன். பக்கத்தில் எதிர்வீட்டு நியமத்துல்லா பாய். லைசென்ஸ் உள்ள ஒருவர் கூட இருக்க வேண்டும் என்பது சட்டம். அவர் இருந்தால் தைரியம் என்பது என் சட்டம். பொன்மலைப் பக்கம் காலி மைதானத்தில் அரை மணி நேரம் சுற்றினோம். பாய் நல்ல மனுஷர். நான் கியர் மாற்றும்போது மட்டும் கண்ணை மூடிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் ரஞ்சிதம் கேட்டாள், "முக்குல திரும்புறப்ப ரெண்டாவது கியர்ல ஏன் அப்படி அலற விட்டீங்க?"

மைதானம் எங்கே, எங்கள் தெருமுனை எங்கே. தெருமுனையிலிருந்து வாசல்வரை வந்த சத்தத்தை வைத்தே கட்டிலில் இருந்துகொண்டு என் குட்டை உடைத்துவிட்டாள். இந்தக் காதுக்கு ஒரு விழா எடுக்க வேண்டும்.

டூல்ஸ் பையைத் துடைத்து அடுக்கி வைத்தேன். ஸ்பேனர்கள் வரிசையாக இருக்கின்றன, பத்தாம் நம்பரை மட்டும் காணோம். அருள்தாஸ் மறந்துபோய் எடுத்துப் போயிருப்பார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. காவிரிக்குப் போகிற கூட்டத்தால் ரோடு முழுக்க ஜனம். வண்டியை எடுக்கப் பயந்து வீட்டிலேயே இருந்துவிட்டேன்.

ரஞ்சிதம் சமையல்கட்டில் ஸ்டூலில் உட்கார்ந்து எலுமிச்சை சாதம் கிளறினாள். விழுந்த பிறகு முதல் சமையல். உப்பு கொஞ்சம் தூக்கல். இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

பிசியோவுக்கு வரும் பெண், இவ்வளவு ஒழுங்காகப் பயிற்சி செய்கிற ஆளை நான் பார்த்ததில்லை என்கிறாள். காலையில் எழுந்ததும் ரஞ்சிதம் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள், பல்லைக் கடித்துக்கொண்டு இடுப்பைத் தூக்குகிறாள். பாதம் மட்டும் அப்படியேதான் தொங்குகிறது. செருப்பு வழுக்காமல் இருக்க அதில் ஒரு பட்டி தைத்துப் போட்டுக்கொண்டிருக்கிறாள். அவளே தைத்தது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

பால் வாங்கிக்கொண்டு திரும்பினேன். தெருவிலிருந்து பார்த்தால் போர்ட்டிகோவில் கார்க் கதவு திறந்திருந்தது. வாக்கர் பக்கத்தில் நின்றது. ரஞ்சிதம் டிரைவர் சீட்டில் இருந்தாள்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. குனிந்து இடது காலை இரண்டு கையாலும் தூக்கிக் கிளட்ச் மேல் வைத்தாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையாலேயே காலைத் தூக்கிக் கீழே வைத்துவிட்டு, புடவைத் தலைப்பால் ஸ்டீரிங்கைச் சுற்றித் துடைத்தாள். மெதுவாக, ஒரு இடம் விடாமல்.

தானாகவே பயிற்சியை ஆரம்பித்துவிட்டாள் என்று எனக்கு ஒரே சந்தோஷம். தொந்தரவு செய்ய வேண்டாம் என்று பெட்டிக்கடை வரை போய் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

இன்று என் பக்கத்தில் அவள். நான் டிரைவர் சீட்டில், அவள் என் பழைய இடத்தில். உலகமே தலைகீழாகிவிட்டது.

பாய் மாதிரி இவள் கண்ணை மூடவில்லை. நான் அவளுக்குச் செய்ததுபோல் பிரேக்கைத் தேடவும் இல்லை. மடியில் கையை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்து வந்தாள். ஆட்டோ ஒன்று திடீரென்று குறுக்கே வந்தது. பிரேக்கை அழுத்தி மிதித்தேன். அவள், "அவரு போகட்டும், நமக்கென்ன அவசரம்" என்றாள், அவ்வளவுதான். இத்தனை வருஷம் இவள் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து 'பாத்து, பாத்து' என்று உயிரை வாங்கினேனே, எப்படித்தான் பொறுத்துக்கொண்டாளோ. அப்போதே இறக்கி விட்டிருக்கலாம்.

சஞ்சீவி நகர் தாண்டிக் காவிரிக்கரை ரோட்டில் கொஞ்ச தூரம் போனோம். ஜன்னலை இறக்கிக் காற்று வாங்கினாள். "கல்லணை வரைக்கும் ஒரு நாள் போகணுங்க" என்றாள். உனக்குக் கால் சரியானதும் நீயே கூட்டிப் போ என்றேன். அவள் ஜன்னலை ஏற்றிவிட்டாள்.

செப்டம்பர் 9, செவ்வாய்

டெஸ்ட். ரிவர்ஸ் எடுக்கச் சொன்னார்கள். மலையிலிருந்து ரிவர்சிலேயே இறங்கியவளின் புருஷன் நான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாஸ்.

ரஞ்சிதம் வாசலிலேயே நாற்காலி போட்டுக் காத்திருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள், ரொம்ப நேரம் விடவில்லை. ஒரு லைசென்சுக்கு இவ்வளவா என்று கேலி செய்தேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

இன்று எனக்குக் கோபம். யார் மேல் என்று எழுத முடியாத கோபம்.

நியமத்துல்லா பாய் நாளைக்கு மலேசியா போகிறார். மகன் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டு வருவாராம். வழியனுப்பலாம் என்று போனால், கார் பானட்டைத் திறந்து குனிந்து நின்றார். கையில் ஒரு சின்ன ஸ்பேனர். பேட்டரியில் கறுப்பு ஒயரைக் கழற்றி, ஒரு துணியைச் சுற்றி ஓரமாக வைத்தார்.

"என்ன பாய் இது?"

"ஆறு மாசம் நிக்கப் போவுதுல்லண்ணே. இந்தக் கறுப்பு ஒயர மட்டும் கழட்டி விட்டாப் போதும், கரண்டு எங்கயும் ஒழுகாது. வந்து மாட்டுனா ஒரே திருப்புல கிளம்பிடும். கடிகாரத்துல மணி மட்டும் திருப்பி வைக்கணும்."

"யார் சொன்னது?"

"என்னண்ணே இப்படிக் கேக்குறீங்க! போன தடவ நான் போறப்ப அக்காதானே பக்கத்துல நின்னு சொல்லிக் குடுத்தாங்க. நீங்க புனேக்குப் போறப்ப அவங்களும் இப்படித்தான் பண்ணினாங்களாமே."

அந்த ஸ்பேனரைத் திருப்பிப் பார்த்தேன். பத்து என்று போட்டிருந்தது.

வீட்டுக்கு வந்தேன். ரஞ்சிதம் தூங்கிக்கொண்டிருந்தாள். வாக்கரில் துணிப்பை தொங்கியது. மாத்திரைகளுக்கு நடுவே ஸ்பேனரின் தலை தெரிந்தது. ஜூன் மாதத்திலிருந்து தினமும் பார்த்த பைதான்.

இரண்டு நிமிட வேலை. ஒரு நட்டைத் திருகி ஒரு ஒயரை எடுத்துவிட்டிருந்தால் வெள்ளச்சி பாட்டுக்குத் தூங்கியிருப்பாள். டிரைவிங் ஸ்கூல் வேண்டாம், மேம்பாலம் வேண்டாம், பின்னால் நின்று ஹாரன் அடித்த பஸ்காரன் என் பரம்பரையையே திட்டியது வேண்டாம். அது தெரிந்த பெண், தெரிந்தும் சொல்லாமல், கிழவனை ரோட்டில் இறக்கிவிட்டு வேடிக்கை பார்த்திருக்கிறாள். எதற்கு?

எழுப்பிக் கேட்கலாம் என்று கட்டில்வரை போனேன். போர்வைக்கு வெளியே அந்தப் பாதம் தெரிந்தது. போர்த்திவிட்டு வந்துவிட்டேன்.

செப்டம்பர் 25, வியாழன்

ஆஸ்பத்திரிக்கு நானே ஓட்டிப் போனேன். எலும்பு அருமையாகக் கூடியிருக்கிறதாம்.

அவளை எக்ஸ்ரேவுக்கு அழைத்துப் போன நேரத்தில் டாக்டரிடம் கேட்டேன், வண்டி ஓட்ட எப்போது ஆரம்பிக்கலாம் என்று. அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "டிஸ்சார்ஜ் ஆன அன்னைக்கே அம்மாகிட்ட சொல்லிட்டேனே சார். அந்தப் பாதம் இனிமே அவ்வளவுதான். கிளட்ச் மிதிக்கிற பலம் வராது. அவங்க உங்ககிட்ட சொல்லலையா?"

திரும்பும்போது அவளிடம் எதுவும் கேட்கவில்லை. சிக்னலில் நின்றபோது அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "கியர் மேல கைய வைங்க, பச்சை விழப்போவுது" என்றாள்.

இன்று இதற்கு மேல் எழுத முடியவில்லை.

செப்டம்பர் 28, ஞாயிறு

வெள்ளச்சியை நன்றாகக் கழுவினேன்.

அக்டோபர் 1, புதன், ஆயுத பூஜை

காலையிலிருந்து அவளே எல்லாவற்றையும் மேற்பார்வை பார்த்தாள். வெள்ளச்சிக்கு மாவிலைத் தோரணம், இரண்டு பக்கமும் வாழைக்கன்று. ஒரு கையில் வாக்கர், ஒரு கையில் கிண்ணம் என்று நின்று, பானட்டிலும் நாலு சக்கரத்திலும் அவளே சந்தனம் குங்குமம் வைத்தாள். சக்கரத்துக்குக் குனிய முடியவில்லை. ஸ்டூலை நான் நகர்த்தி நகர்த்திப் போட, உட்கார்ந்து உட்கார்ந்து வைத்தாள்.

ஹாலில் மணை போட்டு, பொரிகடலை, சுண்டல், பழங்கள் எல்லாம் வைத்தோம். பூஜைக்கு வைக்க வேண்டிய கருவிகளை நான்தான் அடுக்கினேன். என் பென்சில், அவளுடைய தையல் கத்தரி, அரிவாள்மனை, கார்ச் சாவி, டூல்ஸ் பையிலிருந்த ஸ்பேனர்கள் ஒவ்வொன்றாக. அடுக்கி முடித்து, தரையில் உட்கார்ந்தபடியே, தலையைத் தூக்காமல் சொன்னேன்.

"எல்லாம் இருக்கு. பத்தாம் நம்பர் ஒண்ணுதான் இல்ல."

வாக்கர் சத்தம் நின்றது. பிறகு துணிப்பைக்குள் மாத்திரை அட்டைகள் சரசரக்கும் சத்தம் கேட்டது. அவள் ஸ்பேனரை எடுத்தாள், முந்தானையால் துடைத்தாள், என்னிடம் நீட்டினாள். நான் வாங்கவில்லை. நீயே வை என்றேன். ஸ்டூலில் உட்கார்ந்து, மற்ற எல்லாவற்றுக்கும் நடுவில் அதை வைத்து, சந்தனம் தொட்டு, குங்குமம் வைத்தாள்.

"எப்பத் தெரியும்?" என்றாள்.

"ஒயர் விஷயம் பாய் சொன்னாரு. கால் விஷயம் டாக்டர். ஏன் ரஞ்சிதம் எங்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா நீங்க அன்னைக்கே வண்டிய வித்துட்டு, என் கட்டில் பக்கத்துல ஒரு நாற்காலியப் போட்டு உக்காந்திருப்பீங்க. ரெண்டு பேரும் இந்த ஜன்னலையே பாத்துக்கிட்டுக் கெடந்திருப்போம். எனக்குக் கால் போனதுகூடப் பெருசா தெரியலங்க. அத நெனச்சாத்தான் பயமா இருந்துச்சு."

நான் அப்படித்தான் செய்திருப்பேன். நாற்காலிகூட எது என்று என்னால் சொல்ல முடியும். தன் கால் இனி வராது என்று கேட்ட அன்றே, அந்த ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே, இந்தப் பயந்தாங்கொள்ளியை என்ன செய்வது என்று யோசித்திருக்கிறாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. நல்ல நாளில் அழக்கூடாது என்று அவளும் அழுதாள்.

கற்பூரம் காட்டிவிட்டு வாசலுக்குப் போனோம். சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழங்களை வைத்தேன். பக்கத்து சீட்டில் அவள் ஏறிக்கொண்டு எழிலுக்கு வீடியோவில் போன் போட்டாள். எழில் திரையில் என்னைப் பார்த்துவிட்டு, "அம்மா, டிரைவர் சீட்ல யாரும்மா? அப்பாவா? அப்பா வண்டி ஓட்டுறாரா?" என்று கத்தினாள். அவள் பின்னால் மாப்பிள்ளை ஓடி வந்தார், பேத்தி ஓடி வந்தாள். நான் ஓட்டப் பழகுவதைப் பற்றி இத்தனை நாளும் எழிலிடம் மூச்சுவிடாமல் இருந்தோம் நாங்கள் இருவரும்.

கிளட்சை மிதித்து, முதல் கியர் போட்டு, மெதுவாக விட்டேன். நாலு பழமும் நசுங்கின. வண்டி அணையவில்லை, அலறவில்லை. எலுமிச்சை வாசம் கார் முழுக்க வந்தது.

விவரத்தையெல்லாம் கேட்ட எழில் கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, "கிளட்ச் இல்லாத வண்டியெல்லாம் இருக்கும்மா. ஒண்ணு வாங்கிடலாம், நீயே ஓட்டலாம்" என்றாள்.

"வேண்டாம்டி" என்றாள் ரஞ்சிதம். "எனக்கு நல்ல டிரைவர் கெடைச்சாச்சு."

அக்டோபர் 2, வியாழன், விஜயதசமி

பூஜையில் வைத்த கருவிகளை இன்று எடுத்து ஒரு தடவையாவது பயன்படுத்த வேண்டும். பென்சிலால் இதை எழுதுகிறேன். பத்தாம் நம்பரை எடுத்து அவள் வாக்கரின் நட்டை நான் முறுக்கினேன். அது லூசாகவே இல்லை, சாத்திரத்துக்கு ஒரு முறுக்கு.

முறுக்கிவிட்டு ஸ்பேனரை எங்கே வைக்கட்டும், உன் பையிலா, வண்டியிலா என்று கேட்டேன்.

"இனிமே அது எங்க இருந்தா என்னங்க" என்றாள். செருப்பின் பட்டியை மாட்டிக்கொண்டு எழுந்து நின்றாள்.

வண்டியில் போட்டேன். பிள்ளையாருக்கு முன்னால் சிவப்பு பல்பைப் போட்டேன், ஓடுகிற வண்டியில் எரியலாமாம். இப்போது கல்லணை. கரை ரோட்டில் ஒரு மரத்தடியில் நிறுத்திவிட்டு இதை எழுதி முடிக்கிறேன். அவள் ஜன்னலை இறக்கிவிட்டுத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். "எழுதினது போதும், வண்டிய எடுங்க" என்கிறாள்.